ஆற்றின் அடியில் நகரும் கல்: மலையாற்று அடையலை அளந்த வரலாறு

மலையிலிருந்து இறங்கும் ஆறு நீரை மாத்திரம் சமவெளிக்குக் கொண்டுவருவதில்லை. அது சுமந்துவருவனவற்றை மூவகைப்படுத்துதல் மரபு. நீரிற் கரைந்து வருவன ஒருவகை. ஓட்டத்தின் கொந்தளிப்பினால் மேலெழுந்து தொங்கியபடி வரும் சேறும் நுண்மணலும் இன்னொரு வகை. ஆற்றின் அடியைத் தொட்டும் தொடாமலும் உருண்டும் துள்ளியும் நகரும் பருமணல், பரல், கூழாங்கல், பாறைத்துண்டு என்பன மூன்றாம் வகை. முதலிரு வகைகளையும் போத்தலொன்றில் நீரை முகந்து, வற்றவைத்து, எஞ்சியதை நிறுத்து அறிந்துகொள்ளலாம். மூன்றாவதான அடிச்சுமையோ அவ்வாறு எளிதில் அகப்படுவதன்று. அது நகர்வது பெரும்பாலும் வெள்ளகாலத்திலேயே. அப்பொழுது நீர் கலங்கியிருப்பதனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆற்றில் இறங்குதலோ உயிருக்கு ஆபத்து. கருவியொன்றை இறக்கினால் அக்கருவியே அடியிலுள்ள ஓட்டத்தைத் திருப்பிக் கல்லின் போக்கை மாற்றிவிடுகின்றது. வெள்ளம் வடிந்து நீர் தெளியும்போது கற்கள் யாவும் அசைவற்றுக் கிடக்கும். எத்தனை தொன் கல் அவ்விடத்தைக் கடந்து சென்றது என்பதற்கு ஆற்றிலே சாட்சி எதுவும் இராது.

இத்தகைய ஒன்றை அளந்தே தீரவேண்டும் என்ற தேவை எங்கிருந்து வந்தது? மேல்நிலத்தார்க்கும் கீழ்நிலத்தார்க்கும் இடையே எழுந்த பிணக்குகளே அதனைத் தோற்றுவித்தன எனலாம். அவற்றுட் பெரியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கலிபோணியாவின் சியரா நெவாடா மலைச்சாரலில் நிகழ்ந்தது.

1848ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்கன் ஆற்றங்கரையிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுப்படுக்கைகளிற் கிடைத்த பொன் சில ஆண்டுகளுக்குள் அருகிப்போகவே, மலைமுகடுகளிற் புதையுண்டு கிடந்த தொன்மையான ஆறுகளின் பரற் படைகள் மீது சுரங்கத்தார் கண்ணோட்டினர். அப்படைகளிற் பொன் உண்டு. ஆயின் மிகவும் ஐதாகவே உண்டு. மண்வெட்டியால் வெட்டிக் கழுவுதல் கட்டுபடியாகாது. 1853இல் நெவாடா சிற்றிக்கு அண்மையில் எட்வேட் மற்றிசன் என்பவர் குழாய்வழி வந்த நீரைப் பீச்சி மலைச்சரிவைக் கரைக்கும் முறையைக் கையாண்டார். அவரது துணிக்குழாயும் சிறு கூர்வாயும் விரைவில் இரும்புக் குழாய்களாகவும், பீரங்கியை ஒத்த பெரும் பீச்சுகருவிகளாகவும் வளர்ந்தன. பல மைல் தொலைவிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொணரப்பட்டது. கரைந்து வழிந்த மண்ணும் கல்லும் மரத்தாலான நீண்ட தொட்டிகளினூடு ஓடவிடப்பட்டன. அத்தொட்டிகளில் இடப்பட்ட பாதரசம் பொன்னைப் பற்றிக்கொண்டது. பொன் போக எஞ்சியது அனைத்தும், அதாவது ஏறத்தாழ முழுமலையும், அருகிலிருந்த பள்ளத்தாக்கினுட் கொட்டப்பட்டது. அதற்குக் கூலியின்றிச் சுமை தூக்கியது ஆறு.

கீழே, யூபா ஆறும் பெதர் ஆறும் கூடுமிடத்தில் மேரிஸ்வில் என்னும் நகர் அமைந்திருந்தது. மேலிருந்து வந்த பரலும் மணலும் யூபாவின் படுக்கையை ஆண்டுக்காண்டு உயர்த்தின. பழத்தோட்டங்களும் கோதுமை வயல்களும் மணலினுட் புதைந்தன. நகரத்தார் கரை கட்டினர், படுக்கை உயர்ந்தது, கரையை மேலும் உயர்த்தினர். ஈற்றில் ஆற்றின் அடி நகர வீதிகளின் மட்டத்தை அண்மித்தது. 1875 சனவரியிற் கரை உடைந்து நகரினுள் வெள்ளம் புகுந்தது.

விவசாயிகள் நீதிமன்றத்தை நாடியபோது எதிர்கொண்ட இடர் கவனிக்கத்தக்கது. ஆற்றில் வந்து சேர்ந்த கல்லில் எந்தச் சுரங்கத்தின் முத்திரையும் இல்லை. பல கம்பனிகள் ஒரே ஆற்றிற் கொட்டின. பெயார் ஆற்றங்கரை விவசாயி ஒருவர் தொடுத்த வழக்கில், தனித்தனியே இயங்கும் கம்பனிகளை ஒருங்கே பிரதிவாதிகளாக்குதல் தகாது என 1879இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு கம்பனியின் பங்கையும் தனித்தனியே நிறுவுதல் எவராலும் இயலாதது என்பதைச் சுரங்கத்தார் நன்கறிந்திருந்தனர். அளவின்மையே அவர்களுடைய அரண் ஆயிற்று.

அரசாங்கப் பொறியியலாளர் அளக்க முயலாமல் இருந்தாரல்லர். 1878இல் மாநிலப் பொறியியலாளராக நியமனம் பெற்ற வில்லியம் ஹமண்ட் ஹோல் என்பாரும், இராணுவப் பொறியியலாளரான ஜோர்ஜ் மெண்டல் என்பாரும் பாழ்பட்ட நிலங்களை நில அளவை செய்தனர். மலையிலிருந்து எவ்வளவு கழுவப்பட்டது என்பதை அறிய அந்நாளைய பொறியியலாளர் கையாண்ட வழி சாதுரியமானது. சுரங்கங்கள் நீரை விலைக்கு வாங்கின; வாங்கிய நீருக்குக் கணக்கேடு உண்டு. குறித்த அளவு நீர் ஒரு நாளில் இத்தனை கனயார் மண்ணைக் கரைக்கும் என்று ஒரு விகிதத்தைக் கொண்டு பெருக்கினால் மண்ணின் கனவளவு கிடைக்கும். ஆற்றின் சுமையை ஆற்றிற் பாராது கணக்குப் புத்தகத்திற் பார்த்த முறை இது. ஆயினும் விகிதம் பிழைத்தால் யாவும் பிழைக்கும் என்பது வெளிப்படை.

1882இல் மேரிஸ்வில் நகரிற் சொத்துடைய எட்வேட்ஸ் வுட்ரவ் என்பவர் நோத் புளூம்பீல்ட் கம்பனிக்கும் ஏனையவற்றுக்கும் எதிராகக் கூட்டாட்சிச் சுற்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1884 சனவரி 7ஆந் திகதி நீதிபதி லொறன்சோ சோயர் அளித்த தீர்ப்பு, யூபா ஆற்றினுட் கழிவைக் கொட்டுதலை நிரந்தரமாகத் தடைசெய்தது. எவர் பங்கு எவ்வளவு என்பதை நீதிபதி அளந்தறியவில்லை. ஒன்றுசேர்ந்து விளைவித்த கேட்டுக்கு ஒன்றுசேர்ந்தே பொறுப்பு என்ற நெறியால் அளவுப் பிரச்சினையைக் கடந்துசென்றார். சட்டத்துக்கு அது போதுமானதாயிற்று. அறிவியலுக்கும் நிருவாகத்துக்கும் அது போதவில்லை. ஏனெனில் தீர்ப்பினாற் புதுக் கழிவு குறைந்ததேயன்றி, முப்பது ஆண்டுகளாகப் பள்ளத்தாக்குகளில் அடைந்து கிடந்த கழிவு ஒவ்வொரு மாரியிலும் கீழிறங்கிக்கொண்டே இருந்தது. 1893இல் ஐக்கிய அமெரிக்க நாட்டின் காங்கிரசு இயற்றிய சட்டமொன்று, கழிவைத் தேக்கும் அணை கட்டுவோர் மீண்டும் சுரங்கம் நடத்த வழிவகுத்தது. அதனை மேற்பார்வை செய்யக் கலிபோணியக் கழிவு ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. அணைகள் எத்துணைக் கழிவைத் தாங்கவேண்டும், ஆறு எத்துணையைச் சுமக்கவல்லது என்னும் வினாக்கள் இப்பொழுதே கூர்மையடைந்தன.

இந்நிலையில் 1905ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் இவ்வாய்வுக்கென அனுப்பியவர் குறோவ் கார்ள் கில்பேட். 1843இற் பிறந்த அவர், அத்திணைக்களம் 1879இல் நிறுவப்பட்டபோதே அதிற் சேர்ந்தவர். யூற்றா மாநிலத்து ஹென்றி மலைகள் பற்றி 1877இல் எழுதிய அறிக்கையிலேயே, ஓடும் நீர் நிலத்தை அரிப்பதும் சுமப்பதும் எவ்வாறு என்பதைப் பற்றித் தெளிவுறச் சிந்தித்திருந்தார். கலிபோணியாவுக்கு வந்தபோது அவருக்கு அறுபதைக் கடந்த வயது.

கில்பேட் முதலில் நாடியது கல் புறப்பட்ட இடத்தை. நீர்க் கணக்கேடுகளை நம்பியிராது, யூபா வடிநிலத்தில் மலை கரைந்து குழியான இடங்களை நேரே அளந்து, இல்லாமற்போன மலையின் கனவளவைக் கணித்தார். முந்திய பொறியியலாளரின் மதிப்பீட்டைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. அவ்விகிதத்தையே ஏனைய வடிநிலங்களுக்கும் பிரயோகித்தார். யூபாவினுள் மாத்திரம் 684 மில்லியன் கனயார், அதாவது ஏறத்தாழ 523 மில்லியன் கன மீற்றர், கொட்டப்பட்டதென்பது அவர் கண்ட முடிவு. சுரங்கக் கழிவின் முழுத்தொகை பனாமாக் கால்வாய்க்காக அகழப்பட்டதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு என அவர் ஒப்பிட்டுக் காட்டினார். யூபாவிற் கண்ட விகிதம் பிற ஆறுகளுக்கும் பொருந்துமென்பது ஓர் ஊகமே. ஆயினும், எதை அளந்தார், எதை ஊகித்தார் என்பதை வாசகர் பிரித்தறியும்படி எழுதியமை அவரது நேர்மைக்குச் சான்று.

அடுத்து, கல் சென்றுகொண்டிருக்கும் வழியை நோக்கினார். வெள்ளத்தில் அடிச்சுமையைப் பிடிக்க இயலாதெனின், வறட்சிக் காலத்து நீர்மட்டத்தைப் பார்க்கலாமன்றோ? நகரங்களிலும் பாலங்களிலும் இருந்த நீர்மட்டக் குறிகள் பல ஆண்டுகளாகப் பதியப்பட்டிருந்தன. கோடையில் ஆற்றிற் பாயும் நீர் ஏறத்தாழ ஒரே அளவினதாகலின், அந்நீரின் மட்டம் உயர்ந்தால் அடி உயர்ந்துள்ளது என்பது பொருள். தாழ்ந்தால் அடி அரிக்கப்படுகின்றது என்பது பொருள். கப்பலோட்டிகளுக்கும் கரை காவலருக்கும் என எழுதிவைக்கப்பட்ட எண்கள் அவர் கையில் ஆற்றடியின் வரலாறாக மாறின. அவற்றிலிருந்து அவர் பெற்ற சித்திரம், வெள்ளப்பெருக்கு ஓர் அலையாக ஆற்றில் இறங்குவதுபோலவே கழிவும் மிக மெதுவான ஓர் அலையாக இறங்குகின்றது என்பதாகும். ஓரிடத்தில் அடி உயர்ந்து, உச்சத்தை எய்தி, பின் தாழ்ந்து பழைய நிலையை நாடும்.

ஆற்றின் முடிவிடமான சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கேதான் ஆய்வு எவரும் எதிர்பாராத திசையில் திரும்பியது. பொன்வாயில் எனப்படும் குறுகிய வாயிலினூடு நாடோறும் சென்றுவரும் வற்றுப்பெருக்கு நீரே துறைமுகத்தின் வெளிவாயில் மணல்மேட்டை அளவோடு வைத்திருக்கின்றது. விரிகுடாவிற் கழிவு அடைந்தால் உள்ளே புகும் நீரின் கனவளவு குறையும். வாயிலில் ஓட்டம் தளரும். கப்பல் வழி கெடும். ஆயின் அதே குறைவை உண்டாக்கும் வேறொரு செயலும் உண்டு: விரிகுடாக் கரையின் சதுப்புநிலங்களை அணைகட்டி வயலாக்குதல். மேலும், உழுத நிலம், மேய்ச்சல் நிலம், வீதி என்பவற்றிலிருந்து அரிக்கப்படும் மண்ணும் ஆற்றின் சுமையிற் சேர்வதை அவர் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். சுரங்கத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய விவசாயமும் தன் பங்குக்கு அடையலை அனுப்பிக்கொண்டிருந்தது. வழக்கில் வென்றவர் பக்கம் சாயாத இந்த அளவீடு கில்பேட்டின் ஆய்வை அக்காலத்துப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றது.

இவ்வளவுக்கும் அவர் அளந்தவை புறப்பட்டதும் சேர்ந்ததுமே. இடையிலே நீர் கல்லை நகர்த்தும் விதியை அறிய 1907 முதல் 1909 வரை பேர்க்லியிற் கலிபோணியப் பல்கலைக்கழகத்தில் மரத்தாலான செயற்கைக் கால்வாய்களை அமைத்துப் பரிசோதனைகள் நடத்தினார். எட்வேட் மேர்பி என்பார் அவருக்குத் துணைநின்றார். ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றரிலிருந்து 7 மில்லிமீற்றர் வரையான மணலும் பரலும் அளவுவாரியாகப் பிரித்து இடப்பட்டன. சரிவு, நீரின் அளவு, கால்வாயின் அகலம் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, நீர் எவ்வளவு சுமக்கின்றது என நிறுத்துப் பார்த்தனர். இப்பணியின் நடுவே கில்பேட் நோய்வாய்ப்பட்டமையால் அறிக்கை 1914இலேயே வெளிவந்தது. சியரா நெவாடாக் கழிவு பற்றிய பெருநூல் 1917இல் தொடர்ந்தது. பரிசோதனைக் கால்வாயிற் கிடைத்த தொடர்புகளை இயற்கை ஆற்றுக்கு நேரடியாகப் பொருத்தவியலாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கால்வாயின் கல் ஒரே பருமனுடையது, கரை நேரானது, நீர் மாறாதது. மலையாற்றில் இம்மூன்றில் ஒன்றேனும் உண்மையன்று. ஆயினும் அவர் பதிந்த எண்கள் பிற்கால ஆய்வாளர் பலருக்கு உரைகல்லாக விளங்கின.

அவ்வெண்களைத் தேடிப் பயன்படுத்தியவர்கள் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைநாட்டில் இருந்தனர். அங்கும் பிணக்கு முன்பே எழுந்திருந்தது. ஆயின் பகைவன் சுரங்கமல்லன், மலையே. பிரான்சியப் பொறியியலாளர் டூ புவா 1879இல், றோன் நதியின் பரற்படுக்கையை ஆய்ந்து, நீர் தன் இழுவை விசையால் அடியைத் தள்ளுகின்றது என்றும், அவ்விசை ஓர் எல்லையைத் தாண்டியபின்னரே கல் அசையும் என்றும் எழுதினார். பரற்படுக்கை சீட்டுக்கட்டைப்போல் அடுக்கடுக்காக வழுக்கும் என்ற அவரது உருவகம் பிழைத்தது. எல்லை விசை என்ற கருத்தோ நிலைத்தது.

சுவிற்சர்லாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே பாயும் மேல் றைன் நதியை நேராக்கும் உடன்படிக்கை 1892இற் கைச்சாத்தாயிற்று. 1900இலும் 1923இலும் இரு வெட்டுக்கால்வாய்கள் திறக்கப்பட்டன. எனினும் பரல் அடைந்து படுக்கை உயர்ந்தது. 1927 செப்ரெம்பரில் நதி கரையுடைத்து லீக்ரென்ஸ்ரைன் நாட்டினுட் புகுந்தது. நதியை எவ்வளவு அகலத்திற்கு ஒடுக்கினால் அது தன் கல்லைத் தானே சுமந்து செல்லும் என்ற வினாவுக்கு விடைகாணுதல், 1930இற் சூரிச் நகரத் தொழினுட்ப உயர்கல்லூரியிற் பேராசிரியர் மேயர்-பீற்றரின் தலைமையில் இயங்கத் தொடங்கிய நீரியல் ஆய்வுகூடத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்றாயிற்று. 1934இல் அங்கு உருவான அடிச்சுமைச் சூத்திரத்துக்குக் கில்பேட்டின் பேர்க்லி எண்கள் பயன்பட்டன. 1948இல் மேயர்-பீற்றரும் மியுலரும் வெளியிட்ட திருந்திய சூத்திரம் இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகின்றது.

அவ்வாய்வுகூடத்தில் அப்பொழுது பணியாற்றிய இளைஞருள் ஒருவர் ஹான்ஸ் அல்பேட் ஐன்ஸ்ரைன். சார்புக் கொள்கை கண்ட அல்பேட் ஐன்ஸ்ரைனின் மூத்த மகன். றைனிற் கம்பிவலைக் கூடையைக் கயிற்றிற் கட்டி அடிக்கு இறக்கி, குறித்த நேரம் வைத்து, அகப்பட்ட பரலை நிறுத்து வந்தனர். கூடை சொல்லும் எண்ணை நம்பலாமா? ஐன்ஸ்ரைன் அக்கூடையையே ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்று, நகரும் பரலின் அளவு முன்னமே தெரிந்த நீரோட்டத்தில் வைத்துச் சோதித்தார். சராசரியாக 45 சதவீதமே அகப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட கல் கூடையை விலகிச் சென்றது! இது தோல்வியன்று, தன் பிழையின் அளவை அறிந்த கருவி பிழையே அறியாத கருவியினும் மேலானது. 1930களில் ஒஸ்திரியாவின் இன் நதியில் மியூல்ஹோபர் என்பவர் கூடையுடன் நீர்க்கீழ் ஒலிவாங்கியையும் பயன்படுத்திக் கற்கள் மோதும் ஓசையைக் கேட்டறிய முயன்றார். அம்முயற்சி அரை நூற்றாண்டின் பின்னரே பலனளித்தது.

கூடையை அடுத்தடுத்து இறக்கும்போது ஒருதரம் நிறைய அகப்படுதலும் மறுதரம் வெறுங்கூடை வருதலும் இயல்பு. இதனைக் கருவியின் குறையெனத் தள்ளிவிடாது, கல்லின் நகர்வே அத்தகையது என ஐன்ஸ்ரைன் கொண்டார். ஒவ்வொரு கல்லும் நீண்டநேரம் ஓய்ந்து கிடந்து, எதிர்பாராத ஒருகணத்திற் சிறிது தூரம் தாவி, மீண்டும் ஓய்கின்றது. ஆகவே அது நிகழ்தகவுக் கணிதத்துக்கு உரியது என்பது 1936இல் முடித்த அவரது கலாநிதிப் பட்ட ஆய்வின் சாரம். 1938இல் அமெரிக்கா சென்ற அவர், 1947 முதற் பேர்க்லியிற் கற்பித்தார். கில்பேட்டின் மரக்கால்வாய்கள் இருந்த அதே பல்கலைக்கழகம் அது.

ஆய்வுகூடச் சூத்திரங்கள் சரிவு மிகுந்த மலையோடைகளில் மெய்யான அளவைவிட மிகுதியாகவே கல்லைக் காட்டின. நீரின் வலுவிற் பெரும்பகுதி பாறைகளில் மோதியும் படிப்படியாக விழுந்தும் வீணாகின்றமை இதற்கு ஒரு காரணம். பருங்கற்கள் மேலே கவசம்போல் அமைந்து கீழுள்ள சிறு பரலைக் காத்தல் மற்றொன்று. எனவே மீண்டும் ஆற்றுக்கே செல்லவேண்டியதாயிற்று. வயோமிங் மாநிலத்து விண்ட் றிவர் மலைத்தொடரிற் பிறக்கும் ஈஸ்ற் போக் ஆற்றில், லியோபோல்ட், எமற் ஆகியோர் ஆற்றின் குறுக்கே அடியிற் கொங்கிறீற்றுப் பள்ளமொன்றை அமைத்து, அதனுள் ஓயாது சுழலும் இறப்பர்ப் பட்டியைப் பொருத்தினர். விழுந்த பரல் முழுவதையும் பட்டி கரைக்குக் கொணர்ந்தது. நிறுத்தபின் அது கீழாற்றில் மீண்டும் விடப்பட்டது. 1973 முதல் 1979 வரை நடந்த இவ்வளவீட்டிற்கு ஒப்பு நோக்கியே, 1971இல் அறிமுகமான ஹெலி-ஸ்மித் கைக்கருவி எந்தப் பருமனுடைய கல்லை ஒழுங்காகப் பிடிக்கும் என்பது நிறுவப்பட்டது. ஓர் ஆற்றின் கல்லை முழுமையாகப் பிடிக்க ஓர் ஆற்றையே இயந்திரமாக்க வேண்டியிருந்தது என்றால் மிகையாகாது. எல்லா ஆற்றிலும் அது இயலுமோ?

சுவிற்சர்லாந்தின் எர்லன்பாக் ஓடையின் வடிநிலம் 0.7 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. 1986 முதல் அங்கு ஓடையின் அடியில் உருக்குத் தகடுகளின் கீழ் உணரிகள் பொருத்தப்பட்டு, மேலே உருளும் கற்களின் மோதல்கள் எண்ணப்படுகின்றன. மியூல்ஹோபர் கேட்க விரும்பிய ஓசை இப்பொழுது எண்ணாகின்றது. ஆயின் இத்தனை மோதலுக்கு இத்தனை கல் என்பதை உணரி தானாகச் சொல்லாது. ஓடையின் கீழ்முனையிலுள்ள தேக்கக் குளத்தில் அடைந்ததை நில அளவை செய்தே அவ்விகிதம் பெறப்பட்டது. 2009இல், வெள்ளம் வரும்போது தாமாக ஓட்டத்தினுள் நகரும் கூடைகளும் சேர்க்கப்பட்டன. நுண்ணிய மின்கருவியும் ஈற்றிற் கில்பேட்டின் வழிக்கே, அதாவது தேங்கிக் கிடப்பதை அளக்கும் வழிக்கே, வரவேண்டியிருந்தமை ஈண்டுச் சுவையான செய்தி.

யூபா வடிநிலத்துக் கழிவின் கதை இன்னும் முற்றுப்பெறவில்லை. கழிவலை சீராக இறங்கித் தீர்ந்துவிடும் என்ற கில்பேட்டின் கருத்தைப் பல தலைமுறையினர் ஏற்றிருந்தனர். 1989 முதல் அலன் ஜேம்ஸ் என்னும் புவியியலாளர் பெயார் ஆற்றில் நடத்திய ஆய்வுகள், அலையின் ஏற்றம் விரைவானது, இறக்கமோ மிக நீண்டது எனக் காட்டின. படுக்கை பழைய மட்டத்துக்குத் தாழ்ந்தபின்னரும் கரையோர மேடைகளிற் பெருந்தொகைக் கழிவு எஞ்சியிருந்து, வெள்ளந்தோறும் சிறிது சிறிதாக ஆற்றிற் சேர்கின்றது. கோடைக்கால நீர்மட்டம் ஆற்றடியின் உயரத்தைச் சொல்லும். கரையில் ஒதுங்கிய கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கில்பேட்டின் அளவுகோல் எதைக் காணவில்லையோ அதையே அவரது முடிவும் காணவில்லை. அக்கழிவோடு, தொட்டிகளிலிருந்து தப்பிய பாதரசமும் இன்றுவரை கீழிறங்குகின்றது.

கழிவைத் தடுப்பதற்கென யூபாவின் குறுக்கே 1941இற் கட்டிமுடிக்கப்பட்ட எங்கில்பிறைற் அணை சல்மன் மீன்கள் மேலேறும் வழியையும் அடைத்துவிட்டது. அதனை என்செய்வதென்ற விவாதம் பிற்காலத்தில் எழுந்தபோது, 2002இல் ஆய்வாளர் அணைக்குப் பின்னால் மிதவையிலிருந்து துளையிட்டு, அறுபது ஆண்டு அடையலைத் தூண்தூணாக வெளியே எடுத்தனர். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழக் காற்பங்கு நிரம்பியிருந்தது. மேலே சேறும் நுண்மணலும், நதி தேக்கத்தினுட் புகும் முனையில் பருமணலும் பரலுமாக அது படிந்திருந்தது.